வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?

காப்புறுதிக் கம்பனி அனுப்பிய மதிப்பீட்டாளர் திருகோணமலையில் எங்கள் பாலையூற்று வீட்டுக்குள் நின்றது பத்து நிமிடம்தான். ஊறிச் சரிந்திருந்த சீலிங் தகடுகளையும், உப்பிப் பிளந்த அலுமாரியையும், கறை இறங்கிய சுவிட்ச் பலகையையும் படம் எடுத்தார். பிறகு விறாந்தையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் கொடுத்த தேநீர் ஆறிப்போகும்வரை ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"டீச்சர், இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?"

ஒருவரும் இல்லை என்றேன். எப்போதிருந்து என்றார். ஏழு கிழமையாக என்றேன். அதற்கு முன்பு? மாகாண அமைச்சு ஒன்றில் வேலை செய்யும் ஒருவரின் குடும்பம் வாடகைக்கு இருந்தது, இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார்கள். "நீங்கள் இங்கே கடைசியாகக் குடியிருந்தது எப்போது?" 2018இல் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். எந்த இடத்தில் புள்ளி குறைகிறது என்பது எதிரே இருப்பவரின் பேனா போகிற வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

நடந்தது பெரிய அனர்த்தம் ஒன்றுமில்லை. 2022ஆம் ஆண்டு ஆவணி மாதம். கூரைக்கு மேலே கொங்கிறீட் தட்டில் வைத்திருந்த ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கியிலிருந்து இறங்கும் குழாயின் ஒரு மூட்டு விட்டுப்போனது. ஆள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வால்வை மூடியிருப்பார்கள். ஆள் இல்லை. தாங்கி காலியாகக் காலியாக மிதவை திறந்து குழாய்த் தண்ணீர் மறுபடி நிரம்பிக்கொண்டே இருந்தது. எத்தனை நாள் ஓடியது என்று இன்றுவரை தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் ஈரமாக இருப்பதைக் கண்டு தொலைபேசியில் சொன்னபோது, மின்கம்பிகள் ஓடிய குழாய்களுக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. திருத்த வேலைக்கு மேசனும் மின்சார வேலைக்காரரும் சேர்ந்து சொன்ன கணக்கு பத்து இலட்சத்தைத் தொட்டது. அது சீமெந்துப் பை ஒன்று மூவாயிரம் ரூபாயை எட்டிய காலம். இரண்டு வருடத்துக்கு முன் அதே பை ஆயிரம் ரூபாய் அளவில்தான் இருந்தது.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. காரணங்கள் இரண்டு. முப்பது நாட்களுக்கு மேல் தொடர்ந்து ஆளின்றி இருக்கும் வீட்டில் தாங்கி, குழாய் உடைவால் வரும் சேதத்துக்குப் பாதுகாப்பு இல்லை. அடுத்தது, பத்திரத்தில் இது உரிமையாளர் குடியிருக்கும் வீடு என்று எழுதப்பட்டிருக்கிறது. வாடகைக்கு விட்டதை நாங்கள் அறிவிக்கவே இல்லை.

கம்பனியைத் திட்டித்தான் இதை எழுதத் தொடங்கினேன். முதல் வரைவை அழித்துவிட்டேன். கடிதத்தில் இருந்தது சரி. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, எட்டு வருடம் என் அலுமாரியில் அது இருந்தது, நான் ஒரு முறைகூட வாசிக்கவில்லை. எனக்குக் கோபம் இருப்பது ஒரு விடயத்தில்தான். ஒவ்வொரு வருடமும் "டீச்சர், புதுப்பிக்க வேண்டும்" என்று குறுஞ்செய்தி அனுப்பிய முகவர், "இப்போதும் அங்கேதான் இருக்கிறீர்களா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இப்போது நாங்கள் குடியிருக்கும் உப்புவெளி வீட்டின் விலாசம் அவருக்குத் தெரியும். புது வருடக் கலண்டரைக் கொண்டுவந்து தந்ததே இங்கேதான்.

அந்தப் பத்திரம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 2014இல் வீட்டுக்கு இரண்டு அறை சேர்த்துக் கட்ட வங்கியில் கடன் எடுத்தோம். காப்புறுதி இல்லாமல் கடன் இல்லை என்றார்கள். படிவத்தை அவர்களே நிரப்பினார்கள், என் கணவர் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்திட்டார். வங்கிக்கு அதன் கடன் திரும்பி வந்தால் போதும். வீடு முழுவதையும் மறுபடி கட்ட எவ்வளவு வேண்டும், மதில் சேருமா, வாடகை போனால் என்ன என்பதெல்லாம் வங்கியின் கவலை அல்ல. கடன் 2019இல் முடிந்தது. வங்கிக்காகத் தைத்த சட்டையை நாங்கள் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே, பழையதைக் கைவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்பது என்று முடிவு செய்தேன். மூன்று கம்பனிகளின் ஆட்களை வீட்டுக்கு அழைத்தேன். அவர்களைக் கதிரையில் உட்காரவிடாமல் வீட்டைச் சுற்றி நடக்க வைத்தேன். இதில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் தொகை. காணியின் விலையோடு சேர்த்து வீடு என்ன விலைக்குப் போகும் என்பது இங்கே தேவையில்லாத கணக்கு. காணி எரியாது, காற்றில் பறக்காது. இடிந்து தரைமட்டமானால் இதே வீட்டைத் திரும்பக் கட்ட இன்றைய விலையில் எவ்வளவு செல்லும் என்பதுதான் வேண்டும். இடிபாட்டை அள்ளி அகற்றுவதும் அதற்குள் வரும். எங்கள் வீடு 1,400 சதுர அடி. மேசன் அப்போது சொன்னபடி சதுர அடிக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று போட்டால் ஒரு கோடி 40 இலட்சம். பழைய பத்திரத்தில் இருந்தது 56 இலட்சம்.

குறைத்துப் போட்டால் என்ன, முழு வீடுமா இடியப் போகிறது, கூரையில் ஒரு பக்கம் போனால் 56 இலட்சம் தாராளம் என்றுதான் என் கணவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான். ஆனால் தீக் காப்புறுதிப் பத்திரங்களில் விகிதாசார நிபந்தனை ஒன்று உண்டு. ஒரு கோடி 40 இலட்சம் பெறுமதியான வீட்டை 56 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், நூற்றுக்கு நாற்பது பங்கைத்தான் கம்பனியிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று பொருள். மீதி அறுபது பங்குக்கு நாமே காப்புறுதிக் கம்பனி. பத்து இலட்சத்துக்குச் சேதம் என்றால் நான்கு இலட்சம்தான் கிடைக்கும். அதிலும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் உரிமையாளர் ஏற்க வேண்டிய முதல் தொகையைக் கழித்துவிடுவார்கள். என் கோரிக்கையை அவர்கள் ஏற்றிருந்தாலும் எனக்கு வந்திருக்கக் கூடியது அவ்வளவுதான். கடிதம் வந்த கவலை இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பாதியாகிவிட்டது. விசித்திரமான ஆறுதல்.

சேதமான பொருளின் வயதுக்கு ஏற்பக் கழிப்பார்களா, அல்லது புதிதாகப் போடும் செலவைத் தருவார்களா என்பதும் கேட்க வேண்டிய ஒன்று. இருபது வருடப் பழைய கூரை மரத்துக்குத் தேய்மானம் கழித்தால், கையில் வருவதை வைத்து மரக்காலைக்குப் போக முடியாது. நான் புதிதாகப் போடும் செலவு என்ற அடிப்படையில் எடுத்தேன். கட்டணம் கொஞ்சம் கூடியது.

இனி எவற்றுக்கு எதிராக என்ற கேள்வி. அடிப்படைப் பத்திரம் தீ, மின்னல் என்று தொடங்கும். மற்றவை எல்லாம் படிவத்தில் உள்ள பெட்டிகள். அடையாளம் இட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு புயல், வெள்ளம் என்ற பெட்டிகளை வெறுமையாக விட யாருக்கும் கை வராது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் எங்கள் கரையையும் அடித்துக்கொண்டுதான் போனது. அம்மா அந்த இரவை ஒவ்வொரு மார்கழியும் சொல்வார். கூரை பறந்த பிறகு மேசைக்குக் கீழே விடியும்வரை இருந்தார்களாம். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் இன்னொரு புயல். சரியாக நான்கு வருடம் கழித்து அதே திகதியில் ஆழிப்பேரலை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் வடக்கே கரை கடந்தபோது உப்புவெளியில் நாங்கள் யன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் முருங்கை மரம் மட்டும்தான் சாய்ந்திருந்தது. முருங்கை சாய்வதற்குப் புயல் தேவையில்லை.

ஆழிப்பேரலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது வெள்ளம் என்ற பெட்டிக்குள் வரும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். எனக்குக் காட்டிய மூன்று பத்திரங்களில் இரண்டில் அது நிலநடுக்கத்தோடு சேர்த்துத் தனிப் பிரிவாக இருந்தது. பாலையூற்றுக்கு அது அவ்வளவு அவசியமில்லை, கடல் தூரம். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வாடகை வீடு வைத்திருப்பவர்கள் அந்தச் சொல் பத்திரத்தில் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கரை கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். மெதுவாக நடக்கும் எதற்கும் தரமாட்டார்கள். கறையான், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து பீம் வெடிப்பது, சுவரில் ஈரம் ஏறுவது எல்லாம் பராமரிப்புக் கணக்கு.

குரங்குகளும் அப்படியே. எங்கள் ஓட்டுக் கூரையில் மாதம் நான்கு ஓடாவது அவை உடைக்கும். "இதற்கு உண்டா தம்பி?" என்று முதலில் வந்த பையனிடம் கேட்டேன். அவன் மேலே பார்த்தான், குரங்கு அவனைப் பார்த்தது. "டீச்சர், இது எதிர்பாராத சம்பவம் இல்லையே" என்றான். அந்த ஒரு பதிலுக்காகவே அவனுடைய கம்பனியில் எடுக்கலாம் என்று தோன்றியது.

கலவரம், வேலைநிறுத்தம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவை சேர்ந்த பிரிவு ஒன்று இருக்கிறது. கம்பனி அதற்குரிய கட்டணத்தை வசூலித்தாலும், பின்னால் நிற்பது அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெட்டியை விளக்கத் தேவையில்லை. வீடு எரிந்த பிறகு கதவுநிலையை மட்டும் அடையாளம் கண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இளையவர்கள் அதெல்லாம் பழைய கதை என்பார்கள். 2022 மே 9ஆம் திகதி இரவு தெற்கில் அரசியல்வாதிகளின் வீடுகள் வரிசையாக எரிந்ததைத் தொலைக்காட்சியில் அவர்களும்தான் பார்த்தார்கள். ஆனால் போர், உள்நாட்டுப் போர் என்பவை இந்தப் பிரிவுக்கும் வெளியே நிற்கின்றன. எந்த நாள் கலவரமாக இருந்தது, எந்த நாள் போராக மாறியது என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாத வருடங்களை வாழ்ந்திருக்கிறோம். காப்புறுதிப் பத்திரம் பிரித்துச் சொல்லிவிடுகிறது.

இதுவரை சொன்னது யாருடைய வீட்டுக்கும் பொருந்தும். வாடகைக்கு விடுபவருக்கு என்று தனியாக இருப்பவை வேறு. அவற்றில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன்.

வாடகை இழப்பு. தீயோ புயலோ வீட்டைக் குடியிருக்க முடியாதபடி செய்து, திருத்தும் காலத்தில் வாடகை நின்றால் அதை ஈடுசெய்யும் பிரிவு. ஓய்வூதியத்தோடு அந்த வாடகையும் சேர்ந்துதான் எங்கள் மாதம் ஓடுகிறது என்பதால் ஆறு மாதத்துக்கு எடுத்தேன். வாடகைக்காரர் காசு தராமல் இழுத்தடித்தால் இதில் எதுவும் கிடைக்காது. அதற்கு முற்பணம்தான் காப்புறுதி. ஆள் மாறும் இடைவெளியில் வீடு சும்மா கிடந்தாலும் கிடைக்காது.

வாடகைக்காரரின் பொருட்கள். முன்பு இருந்த குடும்பத்தின் குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை மின்னலில் போனபோது, என் பத்திரத்தில் வரும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வரவில்லை. வீட்டுக்காரரின் பத்திரம் கட்டடத்தையும், அவர் போட்டுவைத்த தளபாடங்களையும்தான் பார்க்கும். அதுவும் பட்டியல் கொடுத்திருந்தால். இப்போது புதிதாக வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன், உங்கள் சாமான்களுக்கு நீங்கள் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று. திருட்டைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கதவை உடைத்து உள்ளே வந்தால்தான் திருட்டு. சாவி கொடுத்து உள்ளே விட்டவர் போகும்போது தண்ணீர் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போனால் அது பத்திரத்தின் பார்வையில் திருட்டில்லை. நான் அனுபவித்துச் சொல்லவில்லை, கடவுள் புண்ணியம். பக்கத்துத் தெருவில் நடந்தது.

அடுத்தவருக்கு நேரும் காயம். வீட்டைச் சுற்றி நடந்தபோதுதான் இது உறைத்தது. பின்வளவில் பழைய கிணறு, கட்டு ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. ஒழுங்கைப் பக்கம் மதில் வெளிப்புறமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. தென்னை இரண்டு, அடுத்த வீட்டார் வான் நிறுத்தும் இடத்துக்கு நேர்மேலே. இத்தனையையும் வைத்துக்கொண்டு சிறு பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு வீடு கொடுத்திருக்கிறேன். உரிமையாளர் என்ற முறையில் நான் பதில் சொல்ல வேண்டிய சேதத்துக்கு, பொதுப் பொறுப்பு என்ற பிரிவு சிறு கூடுதல் கட்டணத்தில் கிடைத்தது. ஆனால் கிணற்றுக் கட்டைத் திருத்தி மூடி போட்ட பிறகுதான் அதில் கையெழுத்திட்டேன். மதிலைத் தனியாக எழுதச் சொன்னேன். கட்டடம் என்ற சொல்லுக்குள் மதிலும் கேற்றும் அடங்கும் என்று நம்பி இருப்பவர்கள் தங்கள் பத்திரத்தை எடுத்துப் பார்க்கலாம்.

2021ஆம் ஆண்டுக் கடைசியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகள் நினைவிருக்கும். வாடகை வீட்டின் குசினிக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. வெடிப்பு என்ற பெட்டிக்கும் அடையாளம் இட்டேன்.

கடைசியாக, என் பத்து இலட்சத்தை விழுங்கிய விடயம். திருகோணமலையின் வாடகை வீடுகளில் பெரும்பாலும் இருப்பவர்கள் இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தர்கள், வங்கிக்காரர்கள், பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள். மாகாணசபையின் தலைமைச் செயலகம் இங்கே இருப்பதால் கல்முனையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள். ஒருவர் போய் அடுத்தவர் வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆவது சாதாரணம். முப்பது நாள் நிபந்தனை நம் ஊர் வாடகை வழக்கத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது. இதை நான் மூவரிடமும் நேரடியாகக் கேட்டேன். ஒருவர் "அதெல்லாம் பார்க்க மாட்டார்கள் டீச்சர்" என்றார். அவரை அத்தோடு அனுப்பிவிட்டேன். இன்னொருவர் தெரியாது என்றார். குரங்கைப் பார்த்த பையன் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, தண்ணீரையும் மின்சாரத்தையும் பிரதான இடத்தில் நிறுத்தி, கிழமைக்கொருமுறை யாராவது போய்ப் பார்த்தால் அறுபது நாள்வரை ஏற்பதாக ஒரு பின்னிணைப்பு வாங்கித் தந்தான். வாய்ப்பேச்சாக அல்ல, பத்திரத்தோடு இணைத்த தாளில், முத்திரையோடு. அவனிடமே எடுத்தேன். மற்ற இருவர் சொன்ன கட்டணம் குறைவுதான். முழுவதும் சேர்த்தும் எனக்கு ஒரு மாத வாடகைக்குள் அடங்கிவிட்டது.

படிவத்தை இந்த முறை நானே நிரப்பினேன். குடியிருப்பவர் யார் என்ற இடத்தில் வாடகைக்காரர் என்றும், மாதாந்த வாடகை எவ்வளவு என்றும், ஆள் மாறும்போது இடைவெளி வருவது வழக்கம் என்றும் எழுதினேன். கூரை ஓடு, பின்பக்கம் தகரம். மின்னிணைப்பு எந்த வருடம் புதிதாகப் போட்டது. கேட்காததையும் எழுதினேன். பையன் சிரித்தான், சிரிக்கட்டும்.

கம்பனியின் முடிவு தவறு என்று உண்மையிலேயே நினைப்பவர்கள் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், காப்புறுதித் துறைக்கென்று ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. என் விடயத்தில் நான் போகவில்லை. போயிருந்தால் எதை வைத்து வாதாடுவேன்?

இப்போது தலையிடி உப்புவெளி வீடு. நாங்கள் இருப்பது கீழே, மேல் மாடி தம்பியுடையது. வீட்டின் உறுதிப்பத்திரமே அவன் பெயரில்தான் இருக்கிறது, அவன் இருப்பது ரொறன்ரோவில். சித்திரை முடிந்து புரட்டாதிவரை அங்கே வெளிநாட்டுப் பயணிகள் தங்குவார்கள், மாரியில் பூட்டிக் கிடக்கும். வீட்டுக் காப்புறுதி இதற்குப் பொருந்தாது, நாள் வாடகைக்கு விடுவது விருந்தினர் விடுதி என்ற வகைக்குள் போகிறது. அதோடு என் பெயரில் நான் எடுக்கவும் முடியாது. அந்தச் சொத்து அழிந்தால் பணநட்டம் யாருக்கோ அவர்தான் காப்புறுதி செய்யலாம். நான் கட்டணத்தை மட்டும் செலுத்தினால் கோரிக்கை நேரத்தில் எனக்கு அங்கே ஒரு உரிமையும் இல்லை. அவன் பெயரில் எடுத்து, நான் கையெழுத்திட, அந்த அதிகாரத்தை அவன் எனக்கு எழுதித் தரும் அற்றோணித் தத்துவம் வேண்டும்.

தொலைபேசியில் சொன்னேன். "அக்கா, அந்தப் பக்கம் ஒன்றும் நடக்காது, நீங்கள் கீழே இருக்கிறீர்கள்தானே" என்றான். நான் அவனுக்குப் பாலையூற்றுச் சீலிங்கின் படங்களை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், அங்கே ஒரு நொத்தாரிசைத் தேடிப் பிடித்திருப்பதாகவும் ஐப்பசிக்கு முன் தாள்களை அனுப்புவதாகவும் எழுதியிருந்தான். கீழே இன்னொரு வரி: மேலே தாங்கியின் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தனக்கு ஞாபகமில்லை, நான் ஏறிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று.

ஏறிப் பார்த்தேன். வடக்குப் பக்கம். மூட்டில் ஏற்கெனவே பச்சை பிடித்திருந்தது.